வளைவை அறியும் கை

நுழையும்முன்

கையால் செய்வது வேறு, கருத்தால் அறிவது வேறு எனப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் கல்வியில் ஆழ வேரூன்றியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத மரக்கீற்றை வளைக்கும் சிறிய வேலையை முன்னிறுத்தி, அந்தப் பிரிவினை சரியானதுதானா என வினவுகிறது இக்கட்டுரை.

மாதிரிக் கப்பல் கட்டத் தொடங்குபவர் முதலில் தோற்கும் இடம் அணியம் எனப்படும் முன்பகுதிதான். கப்பலின் அடிமரமாகிய எராவை நிறுத்தி, அதிலிருந்து விலா எலும்புகளைப்போல் இருபுறமும் எழும் வங்குகளை வரிசையாகப் பொருத்தும்வரை வேலை தடையின்றி நடக்கும். அதன்பின் அந்த வங்குகளின்மேல் மரக்கீற்றுகளை ஒன்றையடுத்து ஒன்றாகப் போர்த்த வேண்டும். கீற்றின் அகலம் ஐந்து மில்லிமீட்டர். தடிமன் ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர். கப்பலின் நடுப்பகுதியில் அது நேராகப் படிந்துகொள்ளும். முன்பகுதியை நெருங்கும்போது பக்கங்கள் சட்டென உள்நோக்கி வளைகின்றன. விரலால் அழுத்திக்கொண்டே போனால் கீற்று சிறிது தூரம் இசைந்து வரும். பிறகு மெல்லிய ஓசையுடன் முறிந்துவிடும். முறிந்த இடத்தில் வெளிப்புற இழைகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

அடுத்த முயற்சியில் அவர் கீற்றை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடுகிறார். 'ஊறினால் மரம் வளையும்' என்பது பலரும் நம்பும் செய்தி. காலையில் எடுத்து வளைக்கிறார். இம்முறை கொஞ்சம் கூடுதலாக வளைந்தபின் முறிகிறது. முறியாமல் தப்பிய கீற்றோ, காய்ந்தபின் ஏறத்தாழப் பழைய நேர்நிலைக்கே திரும்பிவிடுகிறது. குறை அவருடைய விரல்களில் இல்லை. மரத்தைப் பற்றி அவர் கேட்டறிந்த செய்தியில்தான் இருக்கிறது.

நீரா, நெருப்பா?

மரம் ஒற்றைப் பொருளன்று. செல்லுலோஸ் எனும் நீண்ட இழைகளும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் லிக்னின் எனும் பொருளும் சேர்ந்தே மரத்துக்கு வலிமை தருகின்றன. நாரும் பிசினுமாகக் கட்டப்பட்ட உடல் அது. வளைக்கும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடம்பெயர வேண்டும். இறுகிய பிசின் அதற்கு இடங்கொடுப்பதில்லை. பிசினை நெகிழச் செய்வது வெப்பம். உலர்ந்த மரத்தில் லிக்னின் நெகிழ மிகுந்த வெப்பம் வேண்டும். அதற்குள் மரம் கருகத் தொடங்கிவிடலாம். ஈரம் உள்ள மரத்தில் ஏறத்தாழ நீர் கொதிக்கும் வெப்பத்திலேயே அது இளகிவிடுகிறது. ஆறியதும் மீண்டும் இறுகி, இழைகளைப் புதிய இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

ஆகவே நீர் வெப்பத்துக்குத் துணைதான். வெப்பத்துக்கு மாற்று அன்று. மரம் கருகாமல் காப்பதும், குறைந்த வெப்பத்திலேயே லிக்னினை இளகச் செய்வதும் நீரின் பணி. மெல்லிய கீற்றைச் சிறிது நேரம் நனைத்து, சூடான உலோக உருளையின்மேலோ பற்றவைப்புக் கோலின் தண்டின்மேலோ வைத்து மெதுவாக அழுத்தினால் போதும். சில நொடிகளில் அது விரலுக்கு அடங்கும். அந்தக் கணத்தைச் சொல்லால் விளக்குவது கடினம். அதுவரை எதிர்த்து நின்ற கீற்று திடீரெனத் தளர்வதை விரல்நுனி உணரும். அதற்கு முன் அழுத்தினால் முறியும். பின்னும் தாமதித்தால் உலர்ந்து கருகும்.

இந்த நுட்பம் தமிழ்நாட்டில் அறியப்படாத ஒன்றன்று. கோணலான சிலம்பக் கழியை அனலில் வாட்டி நிமிர்த்துவார்கள். கொள்ளிடக் கரையை ஒட்டிய தைக்காலில் பிரம்பு நாற்காலி முடைவோர் பிரம்பைத் தீயில் காட்டி வளைப்பார்கள். லிக்னின் என்ற பெயரை அவர்கள் கேட்டிருக்க வேண்டியதில்லை. அது எப்போது இளகும் என்பதை அவர்கள் கைகள் அறியும்.

அம்மோனியாக் கரைசலில் ஊறவைத்தால் மரம் வளையும் என்றொரு செய்தியும் மாதிரிக் கப்பல் கட்டுவோரிடையே உலவுகிறது. நீர் கலவாத அம்மோனியா மரத்தை நெகிழ்விப்பது உண்மையே. அது தொழிற்கூடங்களில் தக்க பாதுகாப்போடு கையாளப்படுவது. தூய்மைப் பணிக்கென விற்கப்படும் நீர்த்த கரைசலால் அந்தப் பயன் கிட்டாது. மரம் நிறம் மாறும், மூக்கும் கண்ணும் எரியும், அவ்வளவே. பாதி உண்மை முழு உண்மையின் உடையணிந்து வருவதற்கு இது நல்ல சான்று.

நீளாத புறம், நெருங்கும் அகம்

வெப்பம் காட்டியும் சில கீற்றுகள் முறிகின்றன. இதற்கான காரணம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் தகைவு, திரிபு என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

கீற்று வளையும்போது அதன் வெளிப்பக்கம் நீள வேண்டும். உட்பக்கம் நெருங்கிச் சுருங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நீளாமலும் சுருங்காமலும் ஓர் அடுக்கு இருக்கும். வெளிப்பரப்பின் திரிபைக் கணக்கிட, தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கீற்றை 40 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், ஒன்றை நாற்பதால் வகுத்து, நூற்றுக்கு இரண்டரைப் பங்கு என விடை வரும். தடிமனைப் பாதியாக்கினால் திரிபும் பாதியாகும். மெல்லிய கீற்று எளிதில் வளைவதன் காரணம் இதுவே.

இனி மரத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். ஈரமும் வெப்பமும் ஏறிய மரம் நெருக்கத்தை வியக்கத்தக்க அளவுக்குத் தாங்கும்; நல்ல மரமாயின் நீளத்தில் கால்பங்குவரைகூட அமுங்கிச் சுருங்கும். நீள்வதற்கோ அது இசைவதே இல்லை. நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கைத் தாண்டினால் இழை அறுந்துவிடும். எனவேதான் முறிவு எப்போதும் வெளிப்பக்கத்தில் தொடங்குகிறது.

இந்த இயல்பைப் புரிந்துகொண்டு அதிலிருந்து ஒரு தொழிலையே படைத்தவர் மைக்கேல் தோனெத். ஜெர்மனியின் போப்பார்டு நகரில் பிறந்து, வியன்னாவில் தொழில் நடத்திய மரவேலைக் கலைஞர் அவர். நீராவியில் வெந்த பீச் மரக்கழியின் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டையொன்றை இறுகப் பொருத்தி, அதன்பின் வளைத்தார். வெளிப்பக்கம் நீளாதபடி பட்டை தடுத்துவிடவே, வளைவு முழுவதையும் உட்பக்கத்தின் நெருக்கமே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. நீள மறுக்கும் மரத்தை நீளச் சொல்லாமல் நெருங்கச் சொன்னார் எனலாம். 1859இல் வெளிவந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டுகளாலும் சில திருகாணிகளாலும் ஆனது. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். உலகெங்கும் உணவகங்களில் இன்றும் காணப்படும் வளைமுதுகு நாற்காலிகளுக்கு அதுவே முன்னோடி.

மாதிரிக் கப்பல் கட்டுவோரும் இந்தப் பாடத்தைச் சிறிய அளவில் பின்பற்றுகின்றனர். கீற்றின் வெளிப்புறத்தில் மெல்லிய உலோகத் தகட்டை வைத்துப் பிடித்து இரண்டையும் சேர்த்தே வளைப்பவர்கள் உண்டு. கீற்றைத் தேர்ந்தெடுக்கும்போதே இழையோட்டத்தைப் பார்ப்பது அதைவிட முதன்மையானது. இழைகள் கீற்றின் நீளத்தோடு இணையாக ஓடாமல் சாய்ந்து விளிம்பில் வெளியேறினால், அந்த இடத்தில் அது முறிந்தே தீரும். எவ்வளவு வெப்பம் காட்டினாலும் அதைத் தடுக்க இயலாது.

சிறிதாக்கினாலும் குறையாத ஒன்று

பொழுதுபோக்கு எனச் சிலர் புன்னகையோடு ஒதுக்கும் இந்த வேலைக்கு அறிவுலகில் இடமுண்டு என்பதற்கான காரணம் மேற்கண்ட கணக்கிலேயே இருக்கிறது.

உண்மையான கப்பலொன்றின் பலகை 10 சென்டிமீட்டர் தடிமன் கொண்டது என்றும், அது அணியத்தில் இரண்டு மீட்டர் ஆரத்தில் வளைகிறது என்றும் கொள்வோம். தடிமனில் பாதி 5 சென்டிமீட்டர். ஆரம் 200 சென்டிமீட்டர். திரிபு நூற்றுக்கு இரண்டரை. அதே கப்பலை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் பலகை இரண்டு மில்லிமீட்டர்க் கீற்றாகவும், ஆரம் 40 மில்லிமீட்டராகவும் ஆகிவிடும். திரிபு அப்போதும் நூற்றுக்கு இரண்டரைதான். கப்பல் சுருங்கியது, எடை சுருங்கியது, பலகையை வளைக்கப் பலர் கூடி உழைக்க வேண்டியிருந்த நிலை மாறி இரு விரல்களே போதும் என்றாயிற்று. வளைவின் கடுமை மட்டும் சிறிதும் சுருங்கவில்லை. கப்பல் தச்சரிடம் 'இது முடியாது' என்று சொன்ன மரம், மேசைமேல் அமர்ந்து மாதிரி செய்பவரிடமும் அதையே சொல்கிறது.

வளைவு மட்டுமே சிக்கலன்று. கப்பலின் நடுப்பகுதியில் எராவிலிருந்து மேல்விளிம்புவரை உள்ள சுற்றளவு 120 மில்லிமீட்டர் எனில், ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள 24 கீற்றுகள் அதை மூடிவிடும். அணியத்தில் அதே சுற்றளவு 80 மில்லிமீட்டராகக் குறைகிறது. அங்கும் 24 கீற்றுகள் சென்று சேர வேண்டுமானால் ஒவ்வொன்றும் மூன்றேகால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அளவுக்கு ஒடுங்க வேண்டும். இதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கீற்றுகளைச் சீவாதவர், அவற்றை விளிம்புவாட்டில் வளைத்து நெருக்கப் பார்க்கிறார். தட்டையாக வளைய இசைந்த கீற்று விளிம்புவாட்டில் வளைய மறுக்கிறது. அந்தத் திசையில் அதன் தடிமன் ஐந்து மில்லிமீட்டர் அல்லவா! ஒரு விளிம்பு வங்கைவிட்டு மேலெழுந்து நிற்க, அடுத்த கீற்று அதன்மேல் சரிவரப் பொருந்தாமல் போகிறது. தவறு பத்தாவது கீற்றில் கண்ணுக்குத் தெரியும். அது நேர்ந்ததோ இரண்டாவது கீற்றில்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்கு இத்தகைய மாதிரிகள் செய்யப்பட்டன. பெரும்பாலும் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் அமைந்த அவை கிரீனிச் நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் அடிப்பகுதியைப் பலகையால் மூடாமல் விட்டிருப்பார்கள். வங்குகள் எவ்வாறு நிற்கின்றன என்பது வெளியே தெரியும். அழகுக்கென வைத்த பொம்மையாயின் இவ்வாறு திறந்துவைத்திருக்கத் தேவையில்லை.

மின்பணியாளர் மீட்ட கப்பல்

கைத்தொழில் அறிவு எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு ஜே. ரிச்சர்டு ஸ்டெஃபியின் வாழ்க்கை சான்றாகும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் மின்பணி ஒப்பந்தத் தொழில் செய்துவந்தவர் அவர். தொல்லியலில் பட்டம் பெற்றவரல்லர். மாதிரிக் கப்பல்கள் கட்டுவது அவருக்கு இளமை முதலே விருப்பமான வேலை. துருக்கிக் கடலோரத்தில் யாசி அடா எனுமிடத்தில் 7ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்றை ஜார்ஜ் பாஸ் என்ற தொல்லியலறிஞர் அகழ்ந்தெடுத்த செய்தியை 1960களில் படித்த ஸ்டெஃபி, அக்கப்பலுக்கு ஒரு மாதிரி செய்துதர முன்வந்தார். கடலடியில் எஞ்சிக் கிடந்த துண்டுகளைக் கொண்டு, எஞ்சாதவை எவ்வாறு இருந்திருக்கும் என மரத்தாலேயே சிந்தித்துப் பார்ப்பதுதான் அவருடைய முறை.

அதன்பின் வந்தது கைரீனியாக் கப்பல். சைப்பிரஸ் தீவின் வடகரையில் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் கிடந்த அந்த வணிகக் கலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுடையது. ஏறக்குறைய 400 சாடிகளும், பத்தாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் வாதுமைக் கொட்டைகளும் அதில் கிடைத்தன. மைக்கேல் கட்செவ் தலைமையிலான குழு 1960களின் இறுதியில் அதை அகழ்ந்து, மரப்பகுதிகளைத் துண்டுதுண்டாக மேலே கொண்டுவந்தது. நீரில் ஊறி உருக்குலைந்த ஆயிரக்கணக்கான துண்டுகளை மீண்டும் கப்பலாக்க வேண்டும். தம் தொழிலைவிட்டுக் குடும்பத்தோடு சைப்பிரஸ் சென்ற ஸ்டெஃபி அந்தப் பணியை மேற்கொண்டார். கைரீனியாக் கோட்டையின் கூடமொன்றில் அக்கப்பல் மீண்டும் எழுந்து நின்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டாக வேண்டும். இன்றைய மாதிரிக் கப்பல்களில் வங்குகள் முதலில், பலகைகள் பிறகு. கைரீனியாக் கப்பலைக் கட்டியவர்களோ பலகைகளை விளிம்போடு விளிம்பாக, துளையும் அதில் செருகும் ஆப்புமாகக் கோத்து, கப்பலின் ஓட்டை முதலில் உருவாக்கினார்கள். வங்குகளை அதன்பின்னரே உள்ளே பொருத்தினார்கள். வடிவத்தைத் தீர்மானித்தவை பலகைகளே. ஒவ்வொரு பலகையின் விளிம்பும் எந்தக் கோட்டில் செல்கிறது, எங்கே வளைகிறது, எங்கே ஒடுங்குகிறது என்பவற்றிலிருந்தே கப்பலின் முழு வடிவத்தையும் படித்தறிய வேண்டியிருந்தது. பலகை எங்கே இசையும், எங்கே மறுக்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் விரல்களால் அறிந்த ஒருவருக்கு அந்த எழுத்து படிக்கக் கிடைத்தது. தாளில் வரைந்த கோடு எந்த வளைவுக்கும் மறுப்புச் சொல்வதில்லை.

1973இல் ஜார்ஜ் பாஸ் நிறுவிய கடல்சார் தொல்லியல் நிறுவனத்தின் தொடக்ககால அறிஞர்களுள் ஒருவரானார் ஸ்டெஃபி. பின்னர் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகக் கப்பல் மறுகட்டமைப்பைக் கற்பித்தார். 1985இல் மெக்கார்தர் நல்கை அவருக்கு வழங்கப்பட்டது. அதே பத்தாண்டில், பழைய முறையிலேயே பலகை கோத்துக் கிரேக்க நாட்டில் கட்டப்பட்ட இரண்டாம் கைரீனியாக் கப்பல் கடலோடிச் சைப்பிரஸை அடைந்தது.

ஸ்டெஃபியின் கதையைத் தனிமனிதர் ஒருவரின் வெற்றிக்கதையாக மட்டும் படிப்பது போதாது. பல்கலைக்கழகங்கள் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்களையும் பொறியாளர்களையும் உருவாக்கிக்கொண்டுதான் இருந்தன. கப்பலை மீண்டும் எழுப்பத் தேவைப்பட்ட அறிவோ ஒரு மின்பணியாளரின் வீட்டு மேசைமேல் வளர்ந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் பாஸ் அதைக் கைவேலை என ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டது ஸ்டெஃபியின் திறனுக்கு இணையாகப் போற்றத்தக்கது.

அச்சிட்ட கப்பல் போதாதா?

முப்பரிமாண அச்சுப்பொறி இன்று பல கல்லூரிகளில் இருக்கிறது. கணினியில் வரைந்த கப்பலைச் சில மணி நேரத்தில் நெகிழியில் வார்த்துத் தருகிறது. அப்படியிருக்க, கீற்றுகளைச் சுட்டும் சீவியும் மாதக்கணக்கில் உழைப்பது ஏன் என்ற வினா எழும். வினா நியாயமானதே. கப்பலின் தோற்றத்தைக் காட்டுவதற்கும், நீரில் அது எவ்வாறு இயங்கும் என அளப்பதற்கும் மரக்கீற்று வேண்டியதில்லை. அஜந்தா ஓவியமொன்றில் காணப்படும் 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட 'கௌண்டின்யா' 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. வரைபடம் எதுவும் எஞ்சியிராத அக்கப்பலின் நீரியக்கம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறையோடு இணைந்து மாதிரியின் வழியே சோதிக்கப்பட்டது. அங்கே கேட்கப்பட்டவை நீரைப் பற்றிய வினாக்கள். அவற்றுக்குச் சரியான வடிவமுள்ள மாதிரி எதுவாயினும் விடை தரும்.

மரத்தைப் பற்றிய வினாவுக்கு மரத்தன்மை உள்ள பொருளே விடை தர இயலும். எந்தப் பலகையாலும் எட்ட முடியாத வளைவையும் அச்சுப்பொறி மறுப்பின்றி அச்சிட்டுத் தந்துவிடும். அதன் கீழ்ப்படிதலே அதன் குறை. டென்மார்க்கின் ரோஸ்கில்டு வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தில், அகழ்ந்தெடுத்த பலகைகளின் வரைபடங்களைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அட்டையில் ஒட்டி வெட்டி, அட்டைப் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார்கள். அட்டையும் ஓரளவு மறுக்கத் தெரிந்த பொருள். விளிம்புகள் பொய்யாக இருந்தால் அது பொருந்துவதில்லை. அங்குள்ள இரண்டாம் ஸ்குல்தெலெவ் கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடையது. 11ஆம் நூற்றாண்டில் டப்ளினில் கட்டப்பட்டது. அதன் மறுவடிவம் 2007இல் கடல் வழியே டப்ளினுக்கே சென்று சேர்ந்தது. கணினி இல்லாத குறையால் அவர்கள் அட்டையை நாடவில்லை.

யாருடைய கை?

இவ்வளவு சொன்னபின் ஒரு தயக்கத்தையும் எதிர்கொள்ள வேண்டும். கைத்தொழிலைக் கல்வியோடு இணைப்போம் என்ற குரல் தமிழ்நாட்டில் எழும்போதெல்லாம் ஐயமும் உடன் எழுகிறது. அது காரணமற்ற ஐயமன்று. கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியை 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்தார். 1953இல் சென்னை மாநிலத்தில் வந்த தொடக்கக் கல்வித் திட்டமோ, பாதிநேரம் பள்ளி, மீதிநேரம் பெற்றோரின் தொழில் என வகுத்தது. பிறப்பால் அமைந்த தொழிலுக்குள் பிள்ளைகளை மீண்டும் அடைக்கும் குலக்கல்வி என அது கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954இல் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. தச்சரின் மகன் தச்சராகவே இருக்க வேண்டும் என்பது கைத்தொழிலுக்குச் செய்யும் மதிப்பன்று. மனிதருக்குச் செய்யும் கேடு.

எனினும் அந்த நியாயமான அச்சத்திலிருந்து, கைவேலையே அறிவுக்குப் புறம்பானது என்ற முடிவுக்கு நழுவிவிடுவது தகாது. ஸ்டெஃபி கப்பல் தச்சரின் மகன் என்பதால் மரத்தை அறியவில்லை, விரும்பி அறிந்தார். சாதியோ குடும்பத் தொழிலோ குறுக்கிடாமல் எந்த மாணவரும், மாணவியரும் சேர்த்தே, உளியையும் மரத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு வேண்டப்படுவது. கடற்கரை ஊர்களில் படகு கட்டும் ஓடாவிகளின் பிள்ளை கணிதம் பயிலட்டும். மருத்துவரின் பிள்ளை ஒரு கீற்றையாவது முறித்துப் பார்க்கட்டும். ஒருசாரார்க்கு மட்டும் கைவேலையைக் கற்பிப்பதும், ஒருவருக்கும் கற்பிக்காமல் விடுவதும் ஒரே தவற்றின் இருபக்கங்கள். முதல் தவற்றை எதிர்த்துப் போராடிய சமூகம் இரண்டாவதை ஓசையின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது. கால அட்டவணையில் கைத்தொழிலுக்கென எழுதப்பட்ட பாடவேளை தேர்வுப் பாடங்களுக்கு ஈந்துவிடப்படும்போது எந்தப் பெற்றோரும் பள்ளிக்கு வந்து காரணம் கேட்பதில்லை.

இதற்கெனப் பெருஞ்செலவு ஏதுமில்லை. தச்சுப் பட்டறையில் கழித்துப் போடும் மரச்சிம்புகள், ஒரு பாத்திரத்தில் வெந்நீர், துணி உலர்த்தும் கவ்விகள், வளைவு தாங்க ஓர் இரும்புக் குழாய், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர். இத்தனையும் இல்லாத பள்ளி அரிது.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் பயில்வோர் செய்முறைத் தேர்வுக்காக வளைவுச் சோதனையொன்றைச் செய்கின்றனர். அளவுகோல் போன்ற சட்டத்தை இரு தாங்கிகளின்மேல் வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என நுண்ணோக்கியால் அளக்கின்றனர். எடைகளை ஒவ்வொன்றாக எடுத்தபின் சட்டம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது, அளவுகள் பதிவேட்டில் ஏறுகின்றன, மணி அடிக்கிறது. அதே மேசையின் ஓரத்தில், வெந்நீரில் நனைத்துச் சூடான குழாயில் வளைத்த மரச்சிம்பு ஒன்றைக் கவ்விகளில் பூட்டி வைக்கலாம். மறுநாள் கவ்விகளைக் கழற்றும்போது அது சற்றே விரிந்து கொடுக்கும், முழுமையாக நிமிராது. எவ்வளவு விரிந்தது என்பதை அளந்து, அடுத்த சிம்பை அந்த அளவுக்குக் கூடுதலாக வளைத்துப் பூட்ட வேண்டும்.